குவீன் ஸ்திரீட்டில் ஒரு கத்தோலிக்க உயர்நிலைப்பள்ளி



ஜொகூர் பாருவில் வாழ்பவர்களுக்குக் குவீன் ஸ்திரீட் என்றால் ஒரு பேருந்து நிலையம், அவ்வளவுதான். லார்க்கினில் 170ஆம் எண் பேருந்தில் ஏறி, பாலத்தின் இரு முனைகளிலும் குடிநுழைவு வரிசையில் நின்று கடந்தால் கடைசியில் இறக்கிவிடும் இடம் அது. இறங்கியதும் கால்கள் தாமாகவே தேக்கா பக்கம் திரும்பிவிடும். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சென்று வந்தேன். அதே தெருவில் எதிர்த்திசையில் நடந்தால், நம் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றி நாம் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி ஒன்றுக்குப் பாதி விடையாவது கிடைக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது.

அந்தக் கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். முதலாம் ஆண்டு மாணவர் பதிவின்போது ஒரு தந்தை என்னிடம் வந்தார். பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் சேர்ப்பதா, சீனப்பள்ளியில் சேர்ப்பதா என்ற குழப்பத்தில் இருந்தார். “டீச்சர், ஆறு வருசம் தமிழ்ல படிச்சிட்டு அப்புறம் எங்க போறது? சீனவங்களப் பாருங்க, கடைசி வரைக்கும் அவங்க பள்ளிக்கூடம் இருக்கு. நாம ஏன் அப்படி இல்ல?” என்று கேட்டார். நம்மிடம் ஒற்றுமையில்லை என்று வழக்கமான பதிலைச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அந்தப் பதிலை நாற்பது ஆண்டுகளாகக் கேட்டு வளர்ந்தவள் நான். எனக்கே அதில் நம்பிக்கை குறைந்துவிட்டது. சீனர்களைப் பாருங்கள் என்கிறோமே, அவர்களுடைய பள்ளி ஒன்றையாவது தொடக்கத்திலிருந்து முழுமையாகப் பார்த்திருக்கிறோமா என்று தோன்றியது.

அப்படிப் பார்க்க நான் தேர்ந்தெடுத்த பள்ளிதான் சிங்கப்பூரின் கத்தோலிக்க உயர்நிலைப்பள்ளி. நம் பெட்டாலிங் ஜெயாவிலும் ஏறத்தாழ இதே பெயரில் ஒரு பள்ளி உண்டு. அதன் கதை வேறு. சிங்கப்பூர்ப் பள்ளியைத் தேர்ந்ததற்குக் காரணம், அதன் வேர் தமிழர்களும் சீனர்களும் ஒரே கூரையின்கீழ் வழிபட்ட ஓர் ஆலயத்தில் இருப்பதுதான்.

பேருந்து நிலையத்திலிருந்து சிறிது தூரத்திலேயே, ஓஃபிர் சாலையில், லூர்து மாதா ஆலயம் நிற்கிறது. 1888இல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டி முடிக்கப்பட்டது. பிரான்சிலுள்ள லூர்து பேராலயத்தின் சாயலில் அமைந்த அழகான கட்டடம். கட்டும் பணியை முன்னின்று நடத்தியவர் பாதிரியார் மெனுவ்ரியே. அங்கிருந்து குவீன் ஸ்திரீட்டிலேயே நடந்து ரோச்சோர் சாலையையும் மிடில் சாலையையும் தாண்டினால் புனித பேதுரு பவுல் ஆலயம் வரும். இது 1870இல் கட்டி முடிக்கப்பட்டது. பாதிரியார் பியர் பாரி என்பவரின் பொறுப்பில் சீனக் கத்தோலிக்கர்களும் இந்தியக் கத்தோலிக்கர்களும் இங்கேதான் கூடினர். பின்னர் தமிழர்கள் தங்களுக்கென்று லூர்து மாதா ஆலயத்தை எழுப்பிக்கொண்டு பிரிந்தனர். பேதுரு பவுல் ஆலயம் சீனர்களுடையதாயிற்று.

இந்தப் பாதிரியார்கள் எல்லாரும் பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்பு மன்றத்தைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர்கள். பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து புதுச்சேரியில் பணியாற்றியதும் இதே மன்றம்தான். மக்களின் மொழியிலேயே மறையைப் போதிக்கவேண்டும் என்பது அவர்களுடைய முறை. ஆங்கிலேய அதிகாரிக்குக் கணக்கெழுத ஒரு குமாஸ்தா போதும். பாதிரியாருக்கோ பாவமன்னிப்புக் கேட்க வருபவரின் மொழி புரிந்தாகவேண்டும்! ஆகவே மொழிவாரியாகப் பங்குகள் பிரிந்தது இயல்பாகவே நடந்தது.

கல்வியில் மட்டும் நிலைமை வேறாக இருந்தது. அந்த வட்டாரத்திலேயே பிராஸ் பாசா சாலையில் புனித ஜோசப் பள்ளி 1852இலும், விக்டோரியா ஸ்திரீட்டில் கன்னியாஸ்திரிகளின் பெண்கள் பள்ளி 1854இலும் தொடங்கப்பட்டிருந்தன. இரண்டும் பெயர்பெற்ற ஆங்கிலப் பள்ளிகள். கத்தோலிக்கக் குடும்பங்கள், தமிழர்களானாலும் சீனர்களானாலும் யுரேசியர்களானாலும், வசதியிருந்தால் பிள்ளைகளை இங்கே அனுப்பின. ஆங்கிலம் படித்தால் அரசாங்க வேலை அல்லது வணிக நிறுவனத்தில் எழுத்தர் வேலை. சீனம் படித்தால் கடை, அச்சகம், சீனப்பள்ளி ஆசிரியர் பணி. தமிழ் படித்தால் என்ன என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. ஒரு பிள்ளை ஏதேனும் ஒரு வழியில்தான் செல்லமுடியும். இரண்டுக்கும் நடுவே பாலம் இல்லை.

இந்தச் சூழலில் 1935ஆம் ஆண்டு, பேதுரு பவுல் ஆலயத்தின் பங்குத்தந்தையாக இருந்த எட்வர்ட் பெஷெரா என்ற பிரெஞ்சுப் பாதிரியார் தம் ஆலயத்தை ஒட்டி ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதற்கு முதலில் இடப்பட்ட பெயரைக் கவனியுங்கள்: சீன-ஆங்கிலக் கத்தோலிக்கப் பள்ளி. பெயரிலேயே இரண்டு மொழிகள். சிங்கப்பூர் அரசாங்கம் இருமொழிக் கல்வியைக் கொள்கையாக வகுப்பதற்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்கு முன்பே, குவீன் ஸ்திரீட்டில் சீனப் பிள்ளைகள் சீனத்தையும் ஆங்கிலத்தையும் சேர்த்துக் கற்றனர்.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது பொறாமைதான், மறைக்கவில்லை. அதே 1930களில் நம் பிள்ளைகள் எங்கே படித்தார்கள்? தோட்டங்களில். மலாயாவின் தொழிலாளர் சட்டம், 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஏழு வயதிலிருந்து பதினான்கு வயதுவரை பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்தவேண்டும் என்று விதித்தது. நம் தமிழ்ப்பள்ளிகளில் மிகப் பல இந்தச் சட்டத்தின் பிள்ளைகள். சட்டத்தை நிறைவேற்ற ஓர் அறையும் ஓர் ஆசிரியரும் போதும். எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ ஆசிரியராக இருந்த தோட்டங்களும் உண்டு. உயர்நிலை வகுப்பு வேண்டும் என்ற தேவையே நிர்வாகத்துக்கு எழவில்லை. பால் வெட்டும் கைகள் அல்லவா அவர்களுக்குத் தேவை!

ஆகவே ஒப்பீட்டை இங்கேயே சரிசெய்துகொள்ளவேண்டும். குவீன் ஸ்திரீட் பள்ளியை ஒரு பங்குத்தந்தை, நகரத்தின் நடுவில், பேராலயத்தின் செல்வாக்கோடு, தம் மக்களை உயர்த்தவேண்டும் என்ற நோக்கோடு தொடங்கினார். தோட்டப் பள்ளியை ஒரு முதலாளி, காட்டின் நடுவில், அபராதத்துக்கு அஞ்சித் தொடங்கினார். இரண்டு பள்ளிகளும் ஒரே கோட்டில் நின்று ஓடத் தொடங்கியதாக நினைத்துக்கொண்டு, தோற்றவனைப் பார்த்து ஒற்றுமையில்லை என்று சொல்வது நியாயமாகாது.

போர்க்காலத்தில் பள்ளி மூடப்பட்டது. ஜப்பானியர் சரணடைந்தபின் மீண்டும் திறந்தது. அடுத்த திருப்பம் சீனாவிலிருந்து வந்தது. மாரிஸ்ட் சகோதரர்கள் என்பது 1817இல் பிரான்சில் மார்செலின் ஷாம்பஞா தொடங்கிய கற்பிக்கும் துறவியர் சபை. 1891 முதல் சீனாவில் பள்ளிகள் நடத்திவந்தார்கள். 1949இல் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தபின் அங்கே அவர்களுக்கு இடமில்லாமற் போயிற்று. அப்படி வெளியேறிய சீனச் சகோதரர்களில் சிலர் சிங்கப்பூருக்கு வந்து கத்தோலிக்க உயர்நிலைப்பள்ளியின் பொறுப்பை ஏற்றனர். சீனத்தில் தேர்ந்தவர்கள், பள்ளி நடத்திப் பழகியவர்கள், குடும்பம் இல்லாதவர்கள், பள்ளியை விட்டு வேறெங்கும் மாறிப் போகாதவர்கள்! இப்படி ஒரு ஆசிரியர் குழு ஒரு பள்ளிக்கு வாய்த்தால் அந்தப் பள்ளி எப்படி வளராமற் போகும்? மூன்றாண்டுக்கொரு முறை தலைமையாசிரியர் மாறுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இதன் அருமை தெரியும். 1958இல் அதே சகோதரர்கள் மாரிஸ் ஸ்டெல்லா என்ற இன்னொரு சீனப்பள்ளியையும் தொடங்கினர்.

1950கள் சிங்கப்பூர்ச் சீனப்பள்ளிகளுக்குக் கொந்தளிப்பான காலம். 1954 மே 13இல் தேசிய சேவைப் பதிவை எதிர்த்து மாணவர்கள் காவலர்களோடு மோதினர். 1956இல் பெரிய சீன உயர்நிலைப்பள்ளிகளில் மாணவர்கள் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினர். அரசாங்கம் இந்தப் பள்ளிகளை ஐயத்தோடு பார்த்தது. அதே 1956இல்தான் அனைத்துக் கட்சிக் குழுவின் அறிக்கை வெளிவந்து, மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்தவேண்டும் என்று பரிந்துரைத்தது. சீனமும் வேண்டும், கலவரமும் வேண்டாம் என்று எண்ணிய பெற்றோருக்குத் திருச்சபையின் கீழிருந்த சீனப்பள்ளி ஒரு புகலிடமாகத் தெரிந்திருக்கும் என்பது என் கருத்து. பின்னாளில் பிரதமராகிய லீ சியன் லூங் நன்யாங் தொடக்கப்பள்ளியில் படித்துவிட்டுக் கத்தோலிக்க உயர்நிலைப்பள்ளிக்குத்தான் வந்தார். அவர் தந்தை லீ குவான் யூ ஆங்கிலப் பள்ளியில் படித்தவர். பிள்ளைகளைச் சீனப்பள்ளிக்கு அனுப்பினார். பள்ளியின் மதிப்பு அன்று எந்த அளவில் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

நான்கு மொழிகளும் சமம் என்று தாளில் இருந்தது. பெற்றோர் வேறுவிதமாக முடிவு செய்தனர். 1959இல் சிங்கப்பூரில் முதலாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளில் ஏறத்தாழ 46 விழுக்காட்டினர் சீனப்பள்ளிகளுக்குச் சென்றனர். 1970களின் இறுதியில் அது பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிட்டது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. வேலைச் சந்தை ஆங்கிலத்தைக் கேட்டது. பெற்றோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளில் சேர்த்தனர். ஆம், சீனப் பெற்றோர்தாம்! அவர்கள் ஒற்றுமையாகத் தங்கள் பள்ளிகளைக் கட்டிக் காத்தார்கள் என்று நாம் மேடைகளில் பேசிக்கொண்டிருந்த அதே காலத்தில் அங்கே இது நடந்துகொண்டிருந்தது.

1979இல் சிங்கப்பூர் அரசாங்கம் ஒன்பது சீன உயர்நிலைப்பள்ளிகளைத் தேர்ந்தெடுத்துச் சிறப்பு உதவித் திட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் மிகச் சிறந்து விளங்கும் மாணவர்கள் அங்கே ஆங்கிலம், சீனம் இரண்டையும் முதல்மொழித் தரத்தில் கற்பர் என்பது ஏற்பாடு. கத்தோலிக்க உயர்நிலைப்பள்ளி அந்த ஒன்பதில் ஒன்று. பட்டியலை ஒருமுறைக்கு இருமுறை பார்த்தேன். மாரிஸ் ஸ்டெல்லா, ஆங்கிலிக்கன் உயர்நிலைப்பள்ளி, கன்னியாஸ்திரிகள் 1933இல் தொடங்கிய புனித நிக்கலஸ் பெண்கள் பள்ளி ஆகியவற்றையும் சேர்த்தால், ஒன்பதில் நான்கு கிறிஸ்துவ அமைப்புகள் தொடங்கிய பள்ளிகள். சீனப் பள்ளிகளின் மொத்த எண்ணிக்கையில் இவை சிறுபான்மையே. மற்ற சீனப்பள்ளிகள் பல மாணவரின்றி மறைந்தபோது இவை நின்றன. இரண்டாம் மொழியை ஒப்புக்காக வைத்துக்கொள்ளாமல் உண்மையாகவே கற்பித்துவந்த பழக்கம் அவற்றுக்குக் கைகொடுத்தது என்றே நினைக்கிறேன். 1979இல் அரசாங்கம் கேட்டதைப் பெஷெரா பாதிரியார் 1935இலேயே பள்ளியின் பெயராக எழுதி வைத்திருந்தார்.

இந்த இடத்தில் உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளியைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 1946இல் சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம்கள் தொடங்கிய பள்ளி அது. 1960இல் உயர்நிலை வகுப்புகளும் வந்தன. சமயம் முஸ்லிம்களுடையது, பள்ளியின் கதவு எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும். திருச்சபையின் பணமோ துறவியர் சபையின் ஆசிரியர்களோ அதன் பின்னால் இல்லை. ஓர் ஊரிலிருந்து வந்த உழைப்பாளிகளின் சங்கம் ஒன்று உயர்நிலைப்பள்ளி வரை தமிழைக் கொண்டுபோனது. ஒற்றுமையில்லை என்று சொல்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்? 1982இல் அது மூடப்பட்டது. சிங்கப்பூரின் கடைசித் தமிழ்ப்பள்ளி அதுதான். அடுத்த ஆண்டு உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையமாக மறுபிறவி எடுத்தது. ஒன்பது சீனப்பள்ளிகள் சிறப்புத் தகுதி பெற்று மூன்றே ஆண்டுகளில் தமிழ்ப்பள்ளி மூடிற்று. சிறப்பு உதவித் திட்டத்தில் தமிழுக்கு ஒரு பள்ளி இருக்கவில்லை. எண்ணிக்கை போதாது என்பார்கள். உண்மைதான், எண்ணிக்கை என்பதும் ஒற்றுமை என்பதும் ஒன்றல்ல என்பதை மட்டும் நினைவிற்கொள்வோம்.

கத்தோலிக்க உயர்நிலைப்பள்ளி தப்பியது என்றேனே, முழுதாகத் தப்பியதா? 1987இல் சிங்கப்பூரின் எல்லாப் பள்ளிகளும் ஆங்கிலத்தை முதன்மை மொழியாகக் கொண்டன; கத்தோலிக்க உயர்நிலைப்பள்ளியும்தான். கணிதமும் அறிவியலும் வரலாறும் ஆங்கிலத்துக்குப் போயின. சீனம் பாடமாக, உயர்ந்த தரத்தில், நின்றது. பள்ளி குவீன் ஸ்திரீட்டை விட்டு நீங்கி, 1992இல் பீஷானில் நிலைத்தது. 2017இல் தொடங்கிய யுனோயா தொடக்கக் கல்லூரிக்கு மாணவரை அனுப்பும் மூன்று பள்ளிகளில் அது ஒன்று. பெயர் பெற்ற பள்ளி. பெற்றோர் வரிசையில் நிற்கும் பள்ளி. ஆனால் சீனவழிப் பள்ளி அன்று. எஞ்சியது நிறுவனம், பயிற்றுமொழி எஞ்சவில்லை. சீனவழியில் படித்து அங்கிருந்து வெளியேறிய பழைய மாணவர்கள் இதை வெற்றி என்பார்களா, இழப்பு என்பார்களா என்று எண்ணிப் பார்க்கிறேன்.

பழைய தொடக்கப் பிரிவு இயங்கிய, குவீன் ஸ்திரீட் 8ஆம் எண் கட்டடம் 2008இல் சிங்கப்பூர்க் கலை அரும்பொருளகத்தின் ஒரு பிரிவாயிற்று. புனித ஜோசப் பள்ளியின் பழைய கட்டடம் அதற்கு முன்பே, 1996இல், அதே அரும்பொருளகமாகிவிட்டது. வகுப்பறைகளில் ஓவியங்கள்! நான் அந்தக் கட்டடத்தின் முன் நின்றபோது மாலை நான்கு மணி இருக்கும். பக்கத்துத் தெருவாகிய வாட்டர்லூ ஸ்திரீட்டில் குவான் இம் கோயிலில் ஊதுவத்தி வாங்கிய சீனப் பாட்டிமார் சிலர், அடுத்திருக்கும் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலிலும் ஒன்றை ஏற்றிவிட்டுப் போனார்கள்.

அந்தத் தந்தைக்கு நான் சொன்ன பதிலை எழுதிவிடுகிறேன். நம் நாட்டில் நிலைமை சிங்கப்பூரைப் போன்றதன்று. சீனவழியில் கடைசிவரை படிக்கவேண்டுமென்றால் தனியார் சீன இடைநிலைப்பள்ளிகள் உள்ளன. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்போது அரசாங்க உதவியை விட்டுக்கொடுத்து நின்றவை அவை. அந்த உதவியை ஏற்றுப் பயிற்றுமொழியை மாற்றிக்கொண்ட சீனப்பள்ளிகள் அவற்றைவிட அதிகம் என்பதை யாரும் சொல்வதில்லை. நமக்கு ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. எல்லாம் ஆறாம் ஆண்டோடு நின்றுவிடும். நானும் ஆறாம் ஆண்டை முடித்து, புகுமுக வகுப்பில் ஓராண்டு மலாய் படித்து, பிறகுதான் படிவம் ஒன்றுக்குப் போனவள். அந்த ஓராண்டில் என்னோடு இருந்த பன்னிரண்டு தோழிகளில் ஐந்து பேர் படிவம் மூன்றைத் தாண்டவில்லை. அதற்குக் காரணம் தமிழ் அன்று. மலாயும் ஆங்கிலமும் எங்களுக்குச் சரியாகக் கற்பிக்கப்படாததுதான். ஆகவே நீங்கள் ஒரு தமிழ்ப்பள்ளியைத் தேர்வு செய்யும்போது தமிழ் எப்படிக் கற்பிக்கிறார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். மலாயும் ஆங்கிலமும் யார் கற்பிக்கிறார்கள், எப்படிக் கற்பிக்கிறார்கள் என்று கேளுங்கள், எங்கள் பள்ளியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன் என்றேன்.

அவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். “அப்ப உங்க பள்ளில யாரு டீச்சர் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறாங்க?” என்றார். சொன்னேன். அந்த ஆசிரியையைப் பார்த்துப் பேசவேண்டும் என்றார். அழைத்துப்போனேன்.

உமறுப்புலவர் பள்ளியின் கடைசி வகுப்பில் படித்தவர்களுக்கு இப்போது அறுபது வயதை ஒட்டியிருக்கும். கத்தோலிக்க உயர்நிலைப்பள்ளியின் வரலாற்றைத் தேடிப் படிக்க வழிகள் உள்ளன. இவர்களுடைய நினைவுகளை நேரில் கேட்டால்தான் உண்டு. அடுத்த பள்ளி விடுமுறையில் 170ஆம் எண் பேருந்தில் மறுபடியும் போகவேண்டும்.